அப்பாவுக்கு மதிய மாத்திரை மட்டும் கேட்பதில்லை: பார்க்கின்சன் மருந்தும் நேரமும்

செல்வி, பாபநாசம் (திங்கள், காலை 9.40)

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. கிராமத்து அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன், நடுக்குவாதம் என்பார்களே அது. முதலில் வலது கையில் நடுக்கம் வந்தது, பிறகு நடை குறுகியது. இப்போது சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கவே பத்து நிமிடம் ஆகிறது.

சிண்டோபா பிளஸ் (லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை) காலை 8, மதியம் 1, இரவு 8 என்று மூன்று வேளை கொடுக்கிறோம். காலை மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் அப்பா தானாக எழுந்து கொல்லைப்புறம் வரை போய் வருகிறார். மதிய மாத்திரைதான் கேட்பதே இல்லை. மூன்று, நான்கு மணி வரை ஈசி சேரில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருக்கிறார். டம்ளரைக் கையில் கொடுத்தால் வாய் வரை போகாது. அட்டையில்தான் ஏதோ கோளாறு என்று அம்மா அடித்துச் சொல்கிறார். மருந்துக்கடைக்காரர் மதியம் ஒன்றரை மாத்திரையாகக் கொடுத்துப் பாருங்கள் என்கிறார். டாக்டரைப் பார்க்க இன்னும் பல நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முருகானந்தம், கோவை (திங்கள், காலை 10.15)

அம்மா செல்வி, அந்த அரை மாத்திரையை நீங்களாக ஏற்றிவிடாதீர்கள். நான் நோயாளியைப் பார்த்துக்கொள்பவன் அல்ல, நானே நோயாளி. 51 வயதில் வந்தது, இப்போது 58. லேத் பட்டறை வைத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அவசரப்பட்டு அரை மாத்திரை கூட்டிப் போட்டேன். இறுக்கம் போனது உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்தில் தோளும் கழுத்தும் தாமாக நெளிய ஆரம்பித்துவிட்டன. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் குடித்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார். இதை டாக்டர்கள் டிஸ்கைனீசியா என்பார்கள். நடுக்கம் நோயால் வருவது. இந்த நெளிவு மருந்து மிகுந்துபோவதால் வருவது. இரண்டையும் பார்ப்பவர்கள் குழப்பிக்கொண்டு, நெளிவுக்கும் இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து.

இராஜம், ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி (திங்கள், பிற்பகல் 2.05)

முருகானந்தம் ஐயா சொன்னது சரி. செல்வி, உன்னிடம் நான்கு கேள்விகள். அப்பா எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார்? மாத்திரையை எதோடு விழுங்குகிறார்? மலச்சிக்கல் உண்டா? இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது போடுகிறாரா?

ஒரு நோட்டு வாங்கு. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், உடம்பு விட்டுக்கொடுத்த நேரம், மறுபடி இறுகிய நேரம் என்று நான்கே நாள் எழுது. நரம்பியல் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அவர் அறைக்குள் அப்பா இருக்கப்போவது ஏழெட்டு நிமிடம். அந்த நேரத்தில் மருந்து பிடித்திருந்தால் நன்றாக நடந்து காட்டிவிடுவார், மதியம் நீ படும் பாடு அவருக்குத் தெரியாமலே போகும்.

நெல்லை குமார் (திங்கள், இரவு 8.30)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 66 வயது. போன மாதம்தான் பார்க்கின்சன் என்று சொன்னார்கள், லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருடம்தான் அது கேட்கும், இப்போதே தொடங்கினால் பிற்பாடு கைவிட்டுவிடும், தாங்கும்வரை தாங்கட்டும் என்று அண்ணன் தடுக்கிறார். அம்மாவால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் அண்ணன் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்கிறார்.

முருகானந்தம், கோவை (திங்கள், இரவு 9.10)

தம்பி, இந்தப் பேச்சை நம்பி இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தவன் நான். மருந்தைச் சேமித்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியாமல் பட்டறையில் ஆர்டர்களை ஒவ்வொன்றாக விட்டேன். வெளியே போவதை நிறுத்தினேன். தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, கை ஆடுவதை நான்கு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம். பிறகு மருந்து தொடங்கி நான்காவது வாரம் என் கையெழுத்தில் ஒரு காசோலை எழுதினேன். வங்கி அதைத் திருப்பவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? அம்மாவின் தலைமுடிக்காகச் சொல்கிறேன், அண்ணனை உட்கார வைத்துப் பேசுங்கள்.

இராஜம், திருச்சி (செவ்வாய், காலை 7.20)

குமார், அண்ணனிடம் சொல்ல இரண்டு செய்திகள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் மருந்து கிடைக்காமல், நோய் வந்து பல ஆண்டுகள் கழித்தே லெவோடோபா தொடங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களையும் இத்தாலியில் முன்னதாகவே மருந்து தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெளிவும், மருந்து சீக்கிரம் இறங்கிப்போவதும் இரு நாட்டாருக்கும் நோயின் ஏறத்தாழ அதே கட்டத்தில்தான் வந்தன. எத்தனை ஆண்டு மருந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து அது வரவில்லை. நோய் எத்தனை ஆண்டு முற்றியது, ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து என்பதைப் பொறுத்தே வந்தது. தாமதித்தவர்கள் தாமதத்தால் ஒன்றையும் சேமிக்கவில்லை.

நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2019இல் வந்தது. 40 வாரம் முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு நோய் கூடுதலாக முற்றவும் இல்லை, முற்றுவது நிற்கவும் இல்லை. இந்த மருந்து நோயை ஆற்றாது, அதையும் மறைக்காமல் அண்ணனிடம் சொல்லுங்கள். மூளையில் குறைந்துபோன, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு ஈடு கட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஈட்டில்தான் அம்மா தலை பின்னிக்கொள்ள முடியும். அளவை எவ்வளவு குறைவாக வைக்கலாம், வேறு மருந்தில் தொடங்கலாமா என்பதெல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள். தாங்கும்வரை தாங்கட்டும் என்பது மட்டும் கூடாது.

சந்திரா, நாகர்கோவில் (செவ்வாய், காலை 11.00)

எங்கள் பக்கத்தில் நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதைப் பொடி கொடுப்பார்கள். என் மாமனார் அதில் நன்றாகத்தான் இருந்தார். ஆங்கில மருந்து மட்டுமே மருந்து என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாமனார் இப்போது சிண்டோபாவும் போடுகிறார், பொடியையும் விடவில்லை.

இராஜம், திருச்சி (செவ்வாய், பகல் 12.15)

சந்திரா, பூனைக்காலியை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்த விதையில் இருப்பது சாட்சாத் லெவோடோபாவேதான். 1937இலேயே தாமோதரன், இராமசாமி என்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் காட்சியாஸ் என்ற மருத்துவர் 1967இல் லெவோடோபா கலந்த டோபாவை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி அது. ஆகவே மாமனாருக்குக் கேட்டது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.

என் அச்சமே அதனால்தான். பொடியும் லெவோடோபா, மாத்திரையும் லெவோடோபா. ஒரு கரண்டிப் பொடியில் மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, விதைக்கு விதை மாறும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து கீழே விழலாம், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியலாம், நெளிவு கூடலாம். டாக்டர் கோபிப்பார் என்று பொடியை மறைக்காதீர்கள். டப்பாவையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதுவரை திடீரென்று எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

சந்திரா, நாகர்கோவில் (செவ்வாய், மாலை 5.40)

போன மாதம் குளியலறையில் இரண்டு முறை தலை சுற்றி விழப்பார்த்தார். வயது என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் டப்பாவோடு போகிறோம், அக்கா.

செல்வி, பாபநாசம் (சனி, இரவு 7.50)

இராஜம் அக்கா, நோட்டு எழுதியாயிற்று. எழுதியது நான் அல்ல. முப்பது வருடம் பேரேடு எழுதியவனுக்கு இதை எழுதத் தெரியாதா என்று அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

அந்த நோட்டைப் பார்த்து நேற்று அடுப்படியில் நின்று அழுதேன். மணிக்கணக்கு இருக்கட்டும், எழுத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். காலை 9 மணிக்கு எழுதிய வரி பழைய அஞ்சலகக் கையெழுத்து, கோட்டை நிறைத்து நிற்கிறது. 11.30க்கு எழுதியது அதில் பாதி. மதியம் 2.40க்கு "நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். முதல் எழுத்து அவரை விதை அளவு, போகப் போகக் கடுகு. "வில்லை" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் ஓடுகிறது. அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

இனி உங்கள் கேள்விகளுக்கு. காலையில் பூஜை முடித்து 9 மணிக்குத்தான் சாப்பிடுவார், ஆகவே 8 மணி மாத்திரை வெறும் வயிற்றில் போகிறது. மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு, அம்மா ஒரு டம்ளர் பாலில் மாத்திரை கொடுக்கிறார். சூடு தணியட்டும் என்று பால். மருந்து உறையில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருக்கிறது. மலச்சிக்கல் உண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறைதான். இரும்பு மாத்திரை இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. புதன்கிழமை சமைக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். அப்பா நேரம் தவறாதவர், 1 மணிக்கே மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டார். அன்று 1.50க்கு எழுதிய வரி காலை எழுத்துப்போலவே இருக்கிறது! வியாழன் பழையபடி சாம்பார், பொரியல், சுண்டல், பால், பழையபடி கடுகு.

இராஜம், திருச்சி (சனி, இரவு 8.35)

செல்வி, உன் அப்பாவும் அந்தக் காலி சிலிண்டரும் சேர்ந்து நோய்க்குறிப்பை எழுதிவிட்டார்கள்.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, மீன் எதைத் தின்றாலும் அந்தப் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. சிறுகுடலிலிருந்து இரத்தத்துக்குப் போகவும், இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் இவற்றில் பலவற்றுக்கும் லெவோடோபாவுக்கும் ஒரே பரிசல்தான். சாம்பாரும் சுண்டலும் பாலும் முதலில் ஏறிக்கொண்டால் மாத்திரை கரையிலேயே நிற்கும். ஒரு டம்ளர் பாலிலேயே 6, 7 கிராம் புரதம் இருக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை இரைப்பையை விட்டுச் சிறுகுடலுக்கு இறங்கவும் நேரமாகும், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மந்தம். மருந்தின் ஆயுளோ ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் கரைவது. தாமதமாகப் போய்ச் சேர்வதற்குள் வேளையே முடிந்துவிடுகிறது.

அம்மா மேல் யாரும் குறை சொல்ல வேண்டாம். தொடக்கத்தில் இந்த மருந்து குமட்டும். அதனால்தான் முதல் சில வாரம் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார்கள். மருந்தை மூளைக்கு வெளியே வீணாகாமல் காக்கவும் குமட்டலைக் குறைக்கவும்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்த்திருக்கிறது. மேல்நாட்டில் இதே கலவைக்கு வைத்த சினிமெட் என்ற பெயருக்கே லத்தீனில் "வாந்தியில்லாமல்" என்று பொருள். உடம்பு பழகிய பிறகு உறையில் எழுதியதை யாரும் மாற்றி எழுதுவதில்லை. ஆறு வருடமாக அதே வரி ஓடிக்கொண்டிருக்கிறது.

பொதுவாகச் சொல்வது சாப்பாட்டுக்கு அரை மணி முன் அல்லது ஒரு மணி நேரம் பின், வெறும் தண்ணீரில். குமட்டினால் இரண்டு பிஸ்கட். புரதத்தை நிறுத்திவிடாதே, ஏற்கனவே மெலிகிற நோய் இது. பருப்பையும் பாலையும் இரவுப் பக்கம் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேள். திங்களன்று போன் செய்து, நோட்டைக் காட்ட வேண்டும், முன்னதாக நேரம் கொடுங்கள் என்று கேட்டுப்பார்.

சரவணன், கிள்ளான் (ஞாயிறு, காலை 6.15)

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்கும் பார்க்கின்சன், போடுவது மேடோபார் மாத்திரை. பெயர் வேறு என்பதால் இது பொருந்துமா என்று சந்தேகம். அவர் மைலோ பானம் இல்லாமல் மாத்திரை விழுங்கியதே இல்லை.

இராஜம், திருச்சி (ஞாயிறு, காலை 7.00)

பொருந்தும், சரவணன். கார்பிடோபாவுக்குப் பதில் அதில் பென்செராசைடு, லெவோடோபா அதேதான். மைலோவைப் பால் ஊற்றித்தான் கலக்குகிறீர்கள் என்றால் மாத்திரை தண்ணீரில் போகட்டும், மைலோ ஒரு மணி நேரம் கழித்து வரட்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் அதைப் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது.

பார்வதி, தென்காசி (ஞாயிறு, பிற்பகல் 3.30)

பல மாதம் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று சொல்லியே ஆக வேண்டும்.

என் கணவருக்கு 62 வயது. ஆயுளில் சீட்டாடியவர் அல்ல. பார்க்கின்சனுக்குப் பிரமிபெக்சோல் என்ற மாத்திரை சேர்த்த ஏழெட்டு மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள் காலையில் காணாமல் போக ஆரம்பித்தார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள், எங்களுக்கோ செங்கோட்டை தாண்டினால் கேரளம். பீரோவில் புடவைக்கு அடியில் டிக்கெட் கட்டுக் கட்டாக இருந்தது. மகளின் நகைக்கென்று வைத்த பணத்தில் ஒன்றரை லட்சம் போயிருந்தது. அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "ஏன் என்று எனக்கே தெரியவில்லை பார்வதி" என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது அந்த எண்ணமே வரவில்லை என்கிறார். எழுதிக் கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரை அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

இராஜம், திருச்சி (ஞாயிறு, மாலை 4.10)

பார்வதி, நீங்கள் எழுதியது எத்தனையோ வீடுகளில் வாய்க்குள்ளேயே நிற்கிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைன்போலவே நடித்து மூளையைத் தூண்டுபவை. சிலருக்குச் சூதாட்டம், சிலருக்குக் கணக்கில்லாமல் பொருள் வாங்குவது, ஓயாமல் தின்பது, காம இச்சை கட்டுமீறுவது என்று போகும். உட்கார்ந்த இடத்தில் திடீரென்று தூங்கிவிடுவதும் உண்டு, வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இதை வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், நோயாளிக்குத் தானாகத் தெரியாது. கண்டுபிடித்த கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது, அதைக் குறைப்பது டாக்டர் வேலை.

முருகானந்தம், கோவை (திங்கள், காலை 8.50)

பார்வதி அம்மா, உங்கள் கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு வேறு வகையில் தெரியும்.

போன ஆண்டு குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வார்டு நேரப்படிதான் மருந்து என்று என் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் நேரம் 6, 9, 12, 3, 6, 9. அவர்கள் நேரம் 8, 2, 8. இரண்டாம் நாள் என்னால் திரும்பிப் படுக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. கூப்பிடக் குரல் எழவில்லை. போதாததற்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டுவிட்டார்கள். அது டோபமைனைத் தடுக்கிற மருந்து, எங்களுக்கு ஆகவே ஆகாது. மனைவி ஓடிப்போய் என் நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்து, அவர் பேசிய பிறகுதான் என் மாத்திரை என் நேரத்துக்கு வந்தது.

இப்போது சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். என் மருந்துகள், நேரங்கள், கீழே சிவப்பு மையில் எனக்கு ஆகாத மூன்று மருந்துகளின் பெயர்கள்: மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால். தலைசுற்றலுக்குக் கொடுக்கிற சின்னரிசினும் ஆகாது என்று டாக்டர் பிறகு சேர்த்து எழுதினார். வாந்தி வந்தால் டோம்பெரிடோன் தரலாமா என்று இதயத்தைப் பார்த்து அவரே முடிவு செய்வார். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளில் மருந்து நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று நோயாளிகள் இயக்கமே நடத்துகிறார்கள். நமக்கு இயக்கம் வரும்வரை அட்டையாவது இருக்கட்டும்.

நெல்லை குமார் (திங்கள், இரவு 9.20)

அண்ணனை உட்கார வைத்து இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். பட்டறை பற்றி ஐயா எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நாளை காலை அம்மாவுக்கு முதல் அரை மாத்திரை.

செல்வி, பாபநாசம் (மூன்று வாரம் கழித்து, வியாழன், காலை 10.30)

டாக்டர் பார்த்துவிட்டார். மணிக்கணக்கைப் படிக்கும் முன்பே நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து எழுத்தைப் பார்த்தார். ஒரு பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது 7, 11, 3, 7 என்று நான்கு வேளை, சாப்பாட்டுக்கு முன், தண்ணீரில். மதியச் சாப்பாடு 12 மணிக்கு ரசம், காய், கொஞ்சம் மோர். பருப்பும் பாலும் இரவுக்குப் போய்விட்டன. மலச்சிக்கலுக்குத் தனியாக மருந்து. இது எங்கள் அப்பாவுக்கு எழுதியது, யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம். எல்லா நாளும் ஒன்றாக இல்லை. நேற்று மூன்று மணிக்கு மறுபடி இறுக்கம். ஆனால் மதிய வரிகளில் "வில்லை" முழுதாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் கல்யாணம், அப்பா வந்தே தீருவேன் என்கிறார். பந்தி பதினொன்றரைக்குத் தொடங்கும். 11 மணி மாத்திரையை என்ன செய்வது? பந்தியில் பருப்பும் பாயசமும் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முருகானந்தம், கோவை (வியாழன், காலை 10.55)

சொல்லாதீர்கள். 11 மணிக்கு மாத்திரை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். முதல் பந்திக்கு அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டுக்குப் பிறகு இரண்டாம் பந்தியில், வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார வையுங்கள், எழுந்திருக்க எளிது. பாயசம் சாப்பிட்டால் 3 மணி மாத்திரை கொஞ்சம் மந்தமாகலாம், அதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மொய் எழுதுகிற இடத்துக்குச் சாப்பாட்டுக்கு முன்பே அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் அவர் பெயரை அவரே எழுதுவார்.